கலர் வரவில்லை என்றால் குரோமா ஐசியை மாற்ற வேண்டுமா?

பழைய பிக்சர் டியூப் டிவி ஒன்றைப் பற்றி ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "செட்டில் கலரைப் பிரித்தெடுக்கும் குரோமா ஐசியாக டிடிஏ 3561ஏ இருக்கிறது. படமும் சவுண்டும் நன்றாக வருகிறது, கலர் மட்டும் இல்லை. புது ஐசி போட்டேன், அப்படியேதான் இருக்கிறது. புது ஐசியும் போயிருக்குமா?"

போயிருக்கலாம். கடையில் வாங்கும் ஐசியில் கழற்றின பழைய சரக்கும் கலந்திருக்கிறது. ஆனால் ஐசி மேல் கடைசியாகத்தான் நான் சந்தேகப்படுவேன். காரணம், அதற்குள் கலர் கில்லர் என்று ஒன்று இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு வரியின் ஆரம்பத்திலும் பர்ஸ்ட் என்ற கலர் அடையாள சிக்னல் சுமார் 10 சைக்கிள் வரும். ஐசி தன் ஆசிலேட்டரை, அதாவது அலை உண்டாக்கும் பகுதியை, அதோடு ஒத்து ஓடும்படி பூட்டிக்கொள்ளும். பூட்ட முடியாவிட்டால், தப்புக் கலர் காட்டுவதைவிடக் கருப்பு வெள்ளையே மேல் என்று கில்லர் கலரை அடைத்துவிடும். அதாவது நல்ல ஐசிகூடக் கலரை நிறுத்தும்.

முதலில் சிக்னலைப் பாருங்கள். ஒரு செட்டில் நானே இரண்டு ஐசி மாற்றி ஏமாந்தேன். கடைசியில் பார்த்தால் செட்டாப் பாக்ஸ் மெனுவில் யாரோ என்டிஎஸ்சி என்ற அமெரிக்கக் கலர் முறையை வைத்திருக்கிறார்கள்! அதில் கலர் 3.58 மெகாஹெர்ட்ஸில் வரும்; பால் (PAL) என்ற கலர் முறையில் ஓடும் நம் செட்டுக்கு 4.43 வேண்டும். படம் கொஞ்சம் உயரம் குறைந்து தெரிந்ததை அன்று நான் கவனிக்கவில்லை.

சிக்னல் சரி என்றால், டேட்டாஷீட் பார்த்துக் கில்லரை வலுக்கட்டாயமாகத் திறந்துவிடுங்கள். கலர் வானவில் மாதிரி பட்டை பட்டையாக ஓடுகிறதா? ஆசிலேட்டர் தள்ளிப் போயிருக்கிறது. டிரிம்மரை (திருப்பிச் சரிசெய்யும் சின்னக் கப்பாசிட்டர்) மெதுவாகத் திருப்புங்கள். ஓட்டம் நிற்கவே இல்லை என்றால் ஆசிலேட்டரின் வேகத்தை நிர்ணயிக்கும் கிரிஸ்டலை மாற்றுங்கள். இந்த ஐசிக்கு 8.86 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், உள்ளே இரண்டாக வகுத்துக்கொள்ளும். டிஏ 7698ஏபி என்ற வேறு ஐசி உள்ள போர்டில் இருந்த 4.43 கிரிஸ்டலைக் கழற்றி இதில் போட்டுவிட்டு ஐசியைத் திட்டக் கூடாது.

திறந்தும் கலரே இல்லையா? ஐசிக்குக் குரோமா சிக்னல் வருகிறதா என்று இன்புட் கப்பாசிட்டரையும் காயிலையும் பாருங்கள். பர்ஸ்ட் வரும் நேரத்தை ஐசிக்குக் காட்டும் சான்ட்காசில் பல்ஸை ஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும், மீட்டரில் தெரியாது. அதன் உச்சி குறைந்தால் ஐசியால் பர்ஸ்டைப் பிரித்து எடுக்க முடியாது.

திறந்ததும் கலர் அசையாமல் நிற்கிறது என்றால், கில்லர் பக்கத்துச் சின்னக் கப்பாசிட்டர்களை மாற்றிப் பாருங்கள், லீக்காக இருக்கலாம்.

அப்புறம், கலர் வந்த பிறகு ஜன்னல் பலகை மாதிரி வரிவரியாகத் தெரிந்தால் ஒரு வரியின் கலரை அடுத்த வரி வரை தாமதிக்க வைக்கும் 64 மைக்ரோ செகண்ட் டிலே லைன் பக்கம் போங்கள். உள்ளே கண்ணாடித் துண்டு; சிக்னல் அதில் அல்ட்ராசோனிக் அலையாக ஓடி வரும். செட் கீழே விழுந்திருந்தால் அது உடைந்திருக்கலாம். உடையவில்லை என்றால் அதன் பக்கத்திலுள்ள பிரீசெட்டையும் (திருப்பிச் சரிசெய்யும் சின்ன ரெசிஸ்டர்) காயிலையும் சரிசெய்தாலே வரி மறைந்துவிடும்.