"நாளைக்குப் போறேன்": ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகம். மேனேஜர் வந்து கேட்கிறார்: "வாட் ஆர் யூ டூயிங் ஆன் சண்டே?" ஞாயிற்றுக்கிழமை மதுரையில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் எடுத்தாயிற்று, பையும் கட்டியாயிற்று. என்ன பதில் சொல்வீர்கள்?

திரையில்: "ஐ வில் கோ டு மதுரை."

நம்மில் பலர் இப்படித்தான் சொல்வோம். இலக்கணப்படி இதில் பிழை என்று கோடு போட ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுபவர் காதில் இது வேறு மாதிரி விழும். அவர் கேட்ட பிறகுதான் நீங்கள் யோசித்து, "சரி, மதுரைக்குப் போகலாம்" என்று முடிவெடுத்தது போல இருக்கும். இப்போதுதான் எடுத்த முடிவென்றால் மாற்றிக்கொள்ளவும் முடியும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச்சொல்லிக் கேட்க அவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

திரையில்: "ஐ ஆம் கோயிங் டு மதுரை ஆன் சண்டே."

இப்படிச் சொன்னால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஏற்பாடெல்லாம் முடிந்தது, அங்கே ஆட்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பது வினைச்சொல்லிலேயே வந்துவிடுகிறது.

பள்ளியில் நமக்கு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று கட்டம் போட்டு, மூன்றாவது கட்டத்தில் 'வில்', 'ஷால்' என்று எழுதிக்கொடுத்தார்கள். தமிழுக்கு அந்தக் கட்டங்கள் பொருந்தும்: போனேன், போகிறேன், போவேன். ஆங்கில வினைச்சொல்லில் அந்த மூன்றாவது வடிவமே கிடையாது. 'கோ' இறந்தகாலத்தில் 'வென்ட்' ஆகும், எதிர்காலத்துக்கென்று தன் உருவை மாற்றுவதில்லை. அதனால் நாளையைப் பற்றிப் பேச ஆங்கிலம் பல இடங்களில் இருந்து சொற்களை எடுத்துக்கொள்கிறது. 'வில்' என்பதே பழைய ஆங்கிலத்தில் விரும்புவதைக் குறித்த வினை. 'ஷால்' கடமைப்பட்டிருப்பதைக் குறித்தது. 'ஐ', 'வி' வந்தால் ஷால், மற்றவர்களுக்கு வில் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த விதி ஜான் வாலிஸ் 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் இருக்கிறது. இன்றைய பேச்சுக்கு அது தேவையில்லை. "ஷால் வி ஸ்டார்ட்?" என்று சம்மதம் கேட்கும் இடத்தில் ஷால் வந்தால் போதும்.

வாயைத் திறக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி: இந்த முடிவை எப்போது எடுத்தேன்?

முதலில், ஏற்பாடு முடிந்த விஷயங்கள். நாள் குறித்தாகிவிட்டது, இன்னொருவருக்கும் தெரியும், அநேகமாகப் பணமும் கட்டியாகிவிட்டது. இதற்கு 'ஆம்', 'இஸ்', 'ஆர்' போட்டு, வினையோடு 'இங்' சேர்க்கிறோம். இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் அதே வடிவம்தான்.

திரையில்: "ஐ ஆம் மீட்டிங் தி டாக்டர் டுமாரோ." "வி ஆர் மூவிங் ஆன் தி டென்த்." "மை சிஸ்டர் இஸ் கெட்டிங் மேரீட் இன் ஜனவரி."

யோசித்துப் பாருங்கள், வீட்டில் நாம் பேசுவதும் இப்படித்தான். "நாளைக்கு மதுரை போறேன்" என்கிறோம், "போவேன்" என்பதில்லை. "பத்தாம் தேதி வீடு மாத்துறோம்" என்கிறோம். நிகழ்கால வினையை வைத்துத்தான் நாளைய ஏற்பாட்டைச் சொல்கிறோம். ஆங்கிலமும் அதையே செய்கிறது. ஆங்கிலம் பேச ஆரம்பித்தவுடன் மட்டும் நம் சொந்தப் பேச்சை விட்டுவிட்டு, பாடப்புத்தகத்தின் 'போவேன்' பக்கம் ஓடிவிடுகிறோம். எதற்கெடுத்தாலும் 'வில்' வந்து விழுவதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்து, மனதில் முடிவெடுத்தாயிற்று, ஆனால் ஏற்பாடு எதுவும் இன்னும் நடக்கவில்லை. "இந்த வருஷம் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்." எந்த டிரைவிங் ஸ்கூல், எந்த நாள் என்பதெல்லாம் பிறகு. ஆங்கிலத்தில் "ஐ ஆம் கோயிங் டு லேர்ன் டிரைவிங் திஸ் இயர்." இங்கேயும் தமிழ் கூடவே வருகிறது: அங்கே 'கோயிங் டு', இங்கே 'போறேன்'. இரண்டு மொழியிலும் போவதைக் குறிக்கும் வினைதான் இந்த வேலையைச் செய்கிறது. வானம் கறுத்து நிற்கும்போது "மழை பெய்யப் போகுது" என்பதற்கும் இதே வடிவம்: "இட் இஸ் கோயிங் டு ரெய்ன்." கண்ணுக்கு முன்னால் அறிகுறி தெரிகிறது, அதை வைத்துச் சொல்கிறோம். "இட் இஸ் ரெய்னிங் டுமாரோ" என்று சொல்லக் கூடாது. மழையோடு யாரும் நாள் பேசி முடிவு செய்துகொள்ள முடியாதே.

நினைத்தது நடக்காமல் போனால் 'வாஸ் கோயிங் டு'. "உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்களே பண்ணிட்டீங்க" என்பதற்கு "ஐ வாஸ் கோயிங் டு கால் யூ." அன்றாடம் மிகவும் பயன்படும் வாக்கியம் இது.

இப்போது 'வில்'. இந்த நொடியில் எடுக்கும் முடிவுக்கும், கொடுக்கும் வாக்குக்கும், செய்ய முன்வரும் உதவிக்கும் இதுதான் சரியான இடம். ஓட்டலில் சர்வர் வந்து நிற்கிறார், நீங்கள் மெனுவைப் பார்த்துவிட்டு "ஐ'ல் ஹேவ் எ காஃபி" என்கிறீர்கள். பக்கத்து வீட்டு அம்மா கனமான பையைத் தூக்க முடியாமல் நிற்கிறார், "ஐ'ல் கேரி தட் ஃபார் யூ." 'ஐ வில்' என்று நிறுத்தி அழுத்தாமல் 'ஐ'ல்' என்று சேர்த்தே சொல்லுங்கள், பேச்சில் அதுதான் இயல்பு.

இங்கேதான் தமிழ் நம்மைக் கொஞ்சம் தடுமாற வைக்கும். அதனால் இந்த இடத்தில் நிதானமாகப் பார்ப்போம். வாசல் மணி அடிக்கிறது. "இரு, நான் பாக்கிறேன்" என்கிறோம். நிகழ்கால வினைதான். ஆனால் ஆங்கிலத்தில் இது "ஐ'ல் கெட் இட்." "கவலைப்படாதீங்க, நாளைக்குப் பணம் தந்துடுறேன்" என்பதும் தமிழில் நிகழ்காலம், ஆங்கிலத்தில் "ஐ'ல் கிவ் யூ தி மணி டுமாரோ." ஏன்? இரண்டுமே அந்த இடத்தில் பிறந்த முடிவும் வாக்கும். அதாவது, நம்முடைய 'றேன்' இரண்டு வேலை பார்க்கிறது. முன்பே பேசி வைத்த ஏற்பாடு என்றால் ஆங்கிலத்தில் 'இங்' வடிவம். இப்போது கொடுக்கும் வாக்கு என்றால் 'ஐ'ல்'. தமிழ் வினையை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் மாட்டிக்கொள்வோம். முடிவு எப்போது எடுத்தது என்று கேட்டால் தப்பித்துவிடுவோம்.

மறுப்புச் சொல்லும்போது இந்த வித்தியாசம் உறவையே பாதிக்கும் அளவுக்குப் போகும். நண்பர் பிறந்தநாளுக்கு அழைக்கிறார். உங்களுக்கு வேறு வேலை.

திரையில்: "ஐ வோன்ட் கம்."

இது "வரமாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது. தமிழில் அந்தச் சொல்லில் என்ன பிடிவாதம் இருக்கிறதோ, அதே பிடிவாதம் இதிலும் இருக்கிறது. காலையில் ஸ்கூட்டர் மக்கர் பண்ணினால் "வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது" என்கிறோம் இல்லையா, ஆங்கிலத்திலும் அதே மாதிரி "தி ஸ்கூட்டர் வோன்ட் ஸ்டார்ட்" என்றுதான் சொல்வார்கள். உயிரில்லாத வண்டிக்கே அடம் கொடுக்கும் சொல் அது. நீங்கள் சொல்ல நினைத்தது "என்னால வர முடியல" என்பது. அதற்கு:

திரையில்: "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் மேக் இட்."

'அஃப்ரெய்ட்' என்றதும் பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், "தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லும் தொனி அது. ஆபீசுக்கு லீவு சொல்லும்போது "ஐ வோன்ட் பி இன் டுமாரோ" என்று சொல்லலாம். அதில் வம்பில்லை. 'வோன்ட்' பின்னால் 'பி' வந்தால் அது தகவலாகவே கேட்கும்.

கேள்விகளிலும் இதே நுணுக்கம் உண்டு. "வில் யூ கம்?" என்றால் "வாங்களேன்" என்று வேண்டிக் கேட்பது. "ஆர் யூ கமிங்?" என்றால் வருகிறீர்களா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கேட்பது. இன்னொரு வடிவம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தினரிடம் எத்தனை நாள் தங்குவார் என்று கேட்க வேண்டும், ஆனால் கிளம்பச் சொல்வது போல இருக்கக் கூடாது. "ஹவ் லாங் வில் யூ பி ஸ்டேயிங்?" இந்த 'வில் பி' பக்கத்தில் 'இங்' வந்தால், அழுத்தம் கொடுக்காமல் தகவல் மட்டும் கேட்கும் மரியாதை வந்துவிடுகிறது. ஆபீசில் ஒருவருடைய சிஸ்டம் உங்களுக்குத் தேவைப்பட்டால் "வில் யூ பி யூசிங் திஸ்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பஸ், ரயில், பரீட்சை, பள்ளி திறப்பு போன்று யாரோ போட்ட அட்டவணைப்படி நடப்பவற்றுக்கு வெறும் நிகழ்காலம் போதும். "தி எக்ஸாம் ஸ்டார்ட்ஸ் அட் டென்." "ஸ்கூல் ரீஓப்பன்ஸ் இன் ஜூன்." அவ்வளவுதான்.

'வென்', 'இஃப்', 'ஆஃப்டர்' வரும் பகுதிக்குள் நேரம் சொல்ல 'வில்' போடக் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். "வென் ஐ வில் ரீச்" என்று நிறைய பேர் சொல்கிறார்கள். தமிழிலேயே "நான் போய்ச் சேருவேன் அப்போது" என்றா சொல்கிறோம்? "போய்ச் சேந்ததும் போன் பண்றேன்" என்போம். ஆங்கிலத்திலும் முதல் பாதி எளிமையாகவே இருக்கும்: "ஐ'ல் கால் யூ வென் ஐ ரீச் ஹோம்."

சரி, இனி ஒருவரோடு நேரம் பேசி முடிப்பது. கேட்பதற்கு: "டஸ் தர்ஸ்டே வொர்க் ஃபார் யூ?" முடியாதென்றால் மறுப்போடு நிறுத்தாமல் வேறு நாள் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "ஐ கான்ட் டூ தர்ஸ்டே. ஹவ் அபௌட் ஃபிரைடே?" தள்ளிப்போட "கேன் வி புஷ் இட் டு மண்டே?" முன்னால் கொண்டுவர நாம் 'ப்ரீபோன்' என்கிறோம். இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், நல்ல சொல்லும்கூட, அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டுக்காரர் விழித்தால் "கேன் வி பிரிங் தி மீட்டிங் ஃபார்வர்ட்?" என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதற்கும் இதே கதைதான், வெளியே 'அவுட் ஆஃப் டவுன்' என்றால்தான் புரியும்.

இன்னும் முடிவாகவில்லை என்றால் அதையும் ஆங்கிலத்தில் அளவோடு சொல்ல முடியும். "ஐ ஆம் திங்கிங் ஆஃப் கோயிங்" என்றால் யோசனை அளவில் இருக்கிறது. "ஐ ஆம் பிளானிங் டு கோ" என்றால் கொஞ்சம் உறுதி. "ஐ மைட் கோ" என்றால் போனாலும் போகலாம். நாம் பழக்கத்தில் சொல்லும் "பாக்கலாம்" என்பதை விட இவை எதிராளிக்கு உதவும், அவர் தன் வேலையை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்.

கடைசியாக, நேரமும் தேதியும். பிரிட்டனில் ஒருவர் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை மணி, ஆறரை என்று நினைத்துப் போனால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். 'நெக்ஸ்ட் ஃபிரைடே' என்றால் வரும் வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்பதில் ஆங்கிலம் பேசுபவர்களுக்குள்ளேயே குழப்பம் உண்டு. 5/6 என்று எழுதினால் நமக்கும் பிரிட்டனுக்கும் ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. ஆகவே கிழமை, தேதி, மாதப் பெயர் மூன்றையும் சேர்த்து ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டே போனை வையுங்கள்.

திரையில்: "ஸோ வி ஆர் மீட்டிங் ஆன் ஃபிரைடே, தி ஃபிஃப்த் ஆஃப் ஜூன், அட் ஹாஃப் பாஸ்ட் செவன்."