நூற்றுக்கணக்கான பிடிஎஃப்களை ஒரேயடியாக இறக்குவது எப்படி?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "அண்ணா, எங்கட சேர் நோட்ஸ் எல்லாத்தையும் ஒரு சேர்வர்ல போட்டு லிங் தந்திருக்கிறார். திறந்தா மேல 'இண்டெக்ஸ் ஒஃப்' எண்டு இருக்கு, கீழ வெறும் பெயர்ப்பட்டியல். இருநூறுக்கு மேல பிடிஎஃப். ஒவ்வொண்டாக் கிளிக் பண்ணாம எடுக்கேலாதா?"

எடுக்கலாம். டபிள்யூகெட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. 1996இலிருந்து புழக்கத்தில் இருப்பது. லினக்ஸில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், விண்டோஸுக்குத் தனியாக எடுக்க வேண்டும். ஆனால் விண்டோஸோடு வரும், கட்டளைகளை அடித்து ஓடவிடும் பவர்ஷெல்லில் அதே பெயரை அடித்தால் மைக்ரோசொஃப்டின் வேறொரு கட்டளைதான் ஓடும். பெயருக்குப் பின்னால் டொட் ஈஎக்ஸ்ஈ சேர்த்து அடியுங்கள்.

சரி, கட்டளை. டபிள்யூகெட், மைனஸ் ஆர், மைனஸ் என்பி, மைனஸ் கெப்பிட்டல் ஏ, பிடிஎஃப், கடைசியில் லிங். அவ்வளவுதான்.

ஆர் என்றால் பக்கத்திலுள்ள லிங்குகளைப் பின்தொடர்ந்து போ என்று அர்த்தம். ஏ என்றால் பிடிஎஃப் மட்டும் போதும். நடுவிலிருக்கும் என்பியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலின் தலையில் 'பேரன்ட் டிரெக்டரி' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அதுவும் ஒரு லிங்தான். என்பி போடாவிட்டால் மென்பொருள் அதில் ஏறி மேல் ஃபோல்டருக்குப் போய், மற்ற பாடங்களின் நோட்ஸையும் அள்ளத் தொடங்கிவிடும். டேட்டா காலி. இன்னொன்று, லிங்கின் கடைசியில் சாய்கோடு கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கடைசிப் பெயரை ஃபோல்டர் என்று எடுக்காமல் ஒரு கோப்பு என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் என்பி போட்டும் பிரயோசனமில்லை, பக்கத்து ஃபோல்டருக்குள்ளும் நுழையும்.

ஓடும்போது திரையில் 'இண்டெக்ஸ்' என்ற பெயரோடு கேள்விக்குறி போட்ட கோப்புகள் வரிசையாக வரும். பயப்பட வேண்டாம். பட்டியலின் தலைப்பில் பெயர், திகதி, அளவு என்று இருப்பவையும் லிங்குகள், வரிசையை மாற்றுவதற்கு. அவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, பிடிஎஃப் இல்லை என்று அதுவே அழித்துவிடும்.

சில கோப்புகள் வராமல் போனால் பெயரைப் பாருங்கள். முடிவில் பெரிய எழுத்தில் பிடிஎஃப் என்று இருந்தால் இதற்கு அது வேறு வகை. 'இக்னோர் கேஸ்' என்ற தெரிவையும் சேர்த்தால் வந்துவிடும்.

இரவு டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் மைனஸ் சியையும் சேருங்கள். நடுவில் கரண்ட் போனாலும் மறுபடி ஓடவிட்டால் அரைகுறையாக நின்ற கோப்பு விட்ட இடத்திலிருந்து வரும். மைனஸ் டபிள்யூ 2 போட்டால் ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு செக்கன் பொறுக்கும். சேர் தந்த சேர்வர்தானே, கொஞ்சம் மூச்சுவிட விடுங்கள்.

பாடங்களை ஒன்லைனில் போடும் மூடில் மாதிரி லொகின் கேட்கும் தளத்தில் இந்தக் கட்டளை இப்படியே வேலை செய்யாது. அங்கே ஃபயர்ஃபொக்ஸில் லொகின் ஆகிக்கொண்டு, 'டவுன்தெம்ஓல்' என்ற நீட்சியை (பிரவுசரோடு சேர்க்கும் சின்ன மென்பொருள்) போட்டுப் பாருங்கள்.