கட்டளை வராமலே இயங்கும் ஏற்பிகள்

நேயர்களுக்கு வணக்கம். தைராய்டு மிகையாகச் சுரக்கும் ஒருவரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஒரு முரண் தென்படும். சுரப்பியை வேலை செய்யும்படி ஏவுகின்ற டி.எஸ்.எச். என்னும் பிட்யூட்டரி (மூளையடிச் சுரப்பி) ஹார்மோன் ஏறக்குறைய இல்லாத அளவுக்குக் குறைந்திருக்கும். தைராய்டு ஹார்மோனோ பெருகியிருக்கும். பிட்யூட்டரி ஏவுவதை நிறுத்திய பிறகும் சுரப்பி யார் சொல்லுக்கு இயங்குகிறது?

தைராய்டை மிகையாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோயில், உடல் தானே உண்டாக்கிய எதிர்ப்பொருள் ஒன்று, டி.எஸ்.எச். பற்றவேண்டிய ஏற்பியை, அதாவது ஹார்மோனின் செய்தியை வாங்கிச் செல்லுக்குள் அனுப்பும் புரதத்தை, பற்றித் தூண்டுகிறது. ஆனால் தைராய்டில் ஒரேயொரு முடிச்சு மட்டும் மிகையாகச் சுரக்கின்ற நோயாளிகளிடம் பொதுவாக அந்த எதிர்ப்பொருளும் இருப்பதில்லை. 1993இல் பிரஸ்ஸல்ஸ் நகர ஆய்வாளர்கள் இத்தகைய முடிச்சுகளின் மரபணுவைப் படித்து, பழுது ஏற்பியிலேயே இருப்பதைக் காட்டினார்கள். 764 அமினோ அமிலங்களால் ஆன அந்த ஏற்பியில், சில முடிச்சுகளில் 619ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலம் கிளைசினாக மாறியிருந்தது.

இந்த ஏற்பி செல் சவ்வை ஏழு சுருள்களாக ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம். அதன் மூன்றாவது சுருளும் ஆறாவது சுருளும், செல்லின் உட்புறத்தில், எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பால் பிணைந்திருக்கின்றன. அப்பிணைப்பின் ஒரு முனைதான் 619ஆம் இடம். கிளைசினுக்கு அந்த மின்னூட்டம் இல்லையாதலால் பிணைப்பு தளர்கிறது, ஆறாவது சுருள் வெளிநோக்கி விலகுகிறது, அந்த இடைவெளியில், செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதம் வந்து பொருந்துகிறது. வெளியே எதுவும் வந்து சேராதபோதே செய்தி உள்ளே போய்விடுகிறது.

பிறழ்வு இல்லாத டி.எஸ்.எச். ஏற்பிக்கும் இந்த இயல்பு ஓரளவு உண்டு என்பதே என்னை மிகவும் ஈர்த்த செய்தி. பூட்டு அசையாமல் காத்திருக்கும், சாவி வந்து திறக்கும் என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் ஏற்பி ஓயாமல் அசைந்து, உறங்கும் வடிவத்துக்கும் விழித்த வடிவத்துக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கிறது. ஹார்மோன் வந்து செய்வதெல்லாம், விழித்த வடிவம் நிலைத்து நிற்கத் துணைசெய்வதுதான். எவ்வளவு நேரம் விழித்திருக்கும் என்பது ஏற்பிக்கு ஏற்பி வேறுபடும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனின் ஏற்பி, கிரெலின் இல்லாமலே தன் முழுத்திறனில் ஏறக்குறைய பாதியளவு இயங்குவதைச் சோதனைச்சாலைச் செல்களில் அளந்திருக்கிறார்கள்.

அப்படியானால், உறங்கும் வடிவத்தை நிலைநிறுத்தும் மருந்தும் இருக்கவேண்டும் அல்லவா? 1989இல் டொமாசோ கோஸ்டா, ஆல்பர்ட் ஹெர்ஸ் ஆகிய இருவரும், மார்ஃபின் போன்ற பொருள்கள் பற்றும் ஓபியாய்டு ஏற்பிகளில் அதைக் கண்டார்கள். வெறும் தடுப்பான்கள் என்று கருதப்பட்ட பொருள்களில் சில, தடுப்பதற்குத் தூண்டுபொருள் எதுவும் இல்லாத நிலையிலும், ஏற்பியின் அடிப்படை இயக்கத்தையே குறைத்தன. தும்மலுக்கும் அரிப்புக்கும் நாம் விழுங்கும் செட்டிரிசின் மாத்திரையும் இந்த வகையைச் சேர்ந்ததே. அது ஒவ்வாமையைத் தூண்டும் ஹிஸ்டமினுக்கு வழிமறிப்பதோடு நில்லாமல், ஏற்பியை உறங்கும் பக்கமாகவும் சாய்க்கிறது.

தைராய்டு முடிச்சுக்கு இப்படியொரு மருந்து இன்னும் மருந்தகங்களுக்கு வரவில்லை. ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. நிலையான தீர்வு வேண்டுமென்றால் கதிரியக்க அயோடினால் முடிச்சை அழிக்கிறோம், அல்லது அறுத்து அகற்றுகிறோம். ஒரேயொரு புரதத்தின் ஓயாத பேச்சை அடக்க, அதைத் தாங்கிய செல்களையே இழக்கவேண்டியிருக்கிறது.