பிரேம் போட்டு விற்கும் படத்துக்கு எந்தப் பேப்பர்?

(திரையில்: மேசைமேல் ஒரே படத்தின் இரண்டு பிரிண்ட், 12க்கு 18 அங்குலம். தைப்பூச இரவு, வண்டியூர் தெப்பக்குளம், மைய மண்டபம் முழுக்க விளக்கு.)

வணக்கம். இடதுபக்கம் இருப்பது கிளாஸி பேப்பர். வலதுபக்கம் லஸ்டர், அதாவது லேசான சொரசொரப்போடு பாதிப் பளபளப்பாக இருக்கும் பேப்பர். கையில் கொடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் கிளாஸியைத்தான் எடுப்பார்கள். தண்ணீரில் விழுந்த வெளிச்சம் அப்படியே ஈரமாகத் தெரிகிறது. சரி, இப்போது பிரேம் கடையில் வெட்டி வாங்கிய சாதாரணக் கண்ணாடியை இரண்டின் மேலும் வைக்கிறேன்.

(திரையில்: கண்ணாடி இறங்குகிறது.)

எது கிளாஸி, எது லஸ்டர்? சொல்லுங்கள் பார்க்கலாம்.

இனி நம் கண்ணுக்குத் தெரியும் பளபளப்பு கண்ணாடியுடையது. சாதாரணக் கண்ணாடி முன்பக்கத்தில் சுமார் 4 சதவீதம், பின்பக்கத்தில் சுமார் 4 சதவீதம் என்று மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. பேப்பரின் மினுமினுப்பு எல்லாம் அதற்குப் பின்னால் அடங்கிவிடும். அதனால் பிரேமுக்குப் போகும் படத்துக்குப் பேப்பரைத் தடவிப் பார்த்து வாங்குவது வீண் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் மிஞ்சுவது பேப்பரின் கறுப்பும் வெள்ளையும்தான். அப்புறம் அதன் ஆயுள்.

முதலில் கறுப்பு. இந்தத் தெப்பக்குளம் படத்தில் பாதிக்கு மேல் இருட்டு. முழு மேட், அதாவது பளபளப்பே இல்லாத பேப்பரில் இதை அடித்தால் கறுப்பு அடர்சாம்பலாக நின்றுவிடும். விளக்குகளும் சேர்ந்து மங்கும். இந்த மாதிரிப் படத்துக்கு லஸ்டர் போதும். காசு செலவழிக்க மனம் இருந்தால் பரைட்டா. பேரியம் சல்பேட் பூசிய பேப்பர் அது. பழைய டார்க்ரூம் கறுப்பு வெள்ளைப் படங்களின் கறுப்பு நினைவிருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

(திரையில்: திருமலை நாயக்கர் மகால், காலை வெயில் சாய்ந்து விழும் தூண் வரிசை.)

இது வேறு விஷயம். இங்கே ஆழமான கறுப்பு என்று எதுவும் இல்லை. சுதை பூசிய தூணில் வெயில் ஏறி இறங்கும் நிறங்கள்தான் படமே. மேட் பூச்சுள்ள பருத்திப் பேப்பர், கடைக்காரர்கள் காட்டன் ராக் என்று சொல்வது, இதற்கென்றே செய்தது போல இருக்கும். கீழக்குயில்குடி சமணர் மலைப் பாறை, யானைமலையின் காலைப் பனி எல்லாம் இதே ரகம். இந்தப் பேப்பரில் பெயர்பெற்ற ஹானமூலே ஜெர்மனியில் 1584-இல் தொடங்கிய ஆலை. இந்த மகால் கட்டிய ஆண்டு 1636. தூணுக்கு மூத்தது பேப்பர் கம்பெனி!

பிரிண்ட் கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேளுங்கள். தரமான போட்டோ பிரிண்டர்களில் கறுப்பு மை இரண்டு வகை: பளபளப்புப் பேப்பருக்கு போட்டோ பிளாக், மேட்டுக்கு மேட் பிளாக். பேப்பர் மாறும்போது மையும், அந்தப் பேப்பரில் நிறம் எப்படி விழும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் கலர் புரொஃபைல் ஃபைலும் மாற வேண்டும். இதைச் சொன்னதும் முழிக்கிற கடையில் பருத்திப் பேப்பரைக் கொடுத்து வீணாக்காதீர்கள்.

அடுத்து வெள்ளை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

(திரையில்: மூன்று வெற்றுப் பேப்பர். விளக்கு அணைகிறது. யூவி டார்ச் எரிகிறது.)

கள்ளநோட்டு பார்க்கிற டார்ச்தான் இது. முதல் பேப்பர் நீலமாக ஒளிர்கிறது, பாருங்கள். இரண்டாவது கொஞ்சம். மூன்றாவது இருட்டிலேயே கிடக்கிறது. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவது மாதிரி, முதல் பேப்பருக்கு வெண்மை ஏற்றும் ரசாயனம் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, நீல வெளிச்சமாக அது திருப்பித் தருகிறது. அதனால்தான் பகல் வெளிச்சத்தில் அந்தப் பேப்பர் கண்ணைப் பறிக்கிறது.

சிக்கல் இரண்டு. வீட்டு எல்இடி விளக்கில் புற ஊதாக் கதிர் கிட்டத்தட்ட இல்லை. கடை வாசலில் பார்த்த வெள்ளை ராத்திரி ஹாலில் இருக்காது. இன்னொன்று, இந்த ரசாயனம் வருஷங்களில் சக்தி இழக்கும். அப்போது பேப்பரின் சொந்த மஞ்சள் வெளியே வரும். மூன்றாவது பேப்பர் இன்றைக்கே லேசான சந்தன நிறம்தான். ஆனால் அது பெரிதாக மாறப்போவதில்லை. நாயக்கர் மகால் படத்துக்கு அந்த இளமஞ்சள் அழகும்கூட. மாடு பிடிக்கிற அலங்காநல்லூர் புழுதிப் படத்துக்கும் பொருந்தும். தெப்பக்குளத்து இரவுக்கு இரண்டாவது ரகம் பரவாயில்லை என்பது என் கட்சி.

ஆயுளைப் பேப்பர் மட்டும் முடிவு செய்வதில்லை. பாதி மையில் இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோக்களில் இருக்கும் இங்க்டேங்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் டை இங்க், அதாவது கரைந்த சாய மை. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளிறும். காசு வாங்கி விற்கும் படத்துக்கு பிக்மென்ட் இங்க், அதாவது நிறம் நுண்துகளாக இருக்கும் மை என்று கேட்டு வாங்குங்கள். கல்யாண ஆல்பம் அடிக்கும் லேபில் வருவது மை இல்லாத வேறு முறை. ஒளியால் பதிந்து ரசாயனத்தில் கழுவி எடுப்பது. திடமான பிரிண்ட், விலையும் குறைவு. இருநூறு படம் ஒரு ஹோட்டலுக்கு வேண்டும் என்றால் நான் லேபுக்குத்தான் போவேன். பல லேப்களில் மேட் என்று கேட்டால் கையில் கிடைப்பது லஸ்டர்தான், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் என்ற கணக்கு பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 240, 260 இருந்தால் போதும். கனமான 300 ரகம் மவுண்டுக்குள், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டத்துக்குள் அலையடிக்காமல் நிற்கும், அவ்வளவே. கேன்வாஸ் கேட்பவர்களுக்கு: கண்ணாடி மிச்சம், கோபுரத்துச் சுதைச் சிற்பங்களின் நுணுக்கம் போச்சு.

(திரையில்: பிரேம் கடை. ஒருவர் படத்தைக் கண்ணாடியில் ஒட்ட வைத்துப் பின்னால் ஹார்டுபோர்டு அடிக்கிறார்.)

நல்ல பேப்பரைக் கெடுக்கும் இடம் இது. சாமி படத்துக்குப் பழகிய கை; படத்தைக் கண்ணாடியோடு அழுத்தித்தான் மூடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பேப்பரின் மேல்பூச்சு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரித்தால் படமும் கூடவே உரிந்து வரும். “அண்ணே, நடுவில் மவுண்ட் போர்டு வைங்க, ஆசிட் ஃப்ரீ போர்டு நானே தர்றேன்” என்று சொல்லிவிடுங்கள். ஆசிட் ஃப்ரீ என்றால் அமிலம் இல்லாதது. அந்தப் போர்டின் கனம்தான் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி. மவுண்ட் வேண்டாம் என்றால் ஓரத்தில் மெல்லிய கட்டை வைத்தாலும் சரி.

படத்தைப் பசை தடவிப் போர்டில் ஒட்டக் கூடாது. பேப்பர் ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் ஆசிட் ஃப்ரீ டேப், மற்றபடி தொங்கட்டும். பிரவுன் டேப் கறை விடும். பின்பக்கத்தை மைதா பசையால் மூடினால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. ஹார்டுபோர்டில் அமிலம் உண்டு, அதனால் அதற்கும் படத்துக்கும் நடுவில் இன்னொரு ஆசிட் ஃப்ரீ அட்டை வேண்டும்.

இங்க்ஜெட் பிரிண்டை அடித்த அன்றே மூடவும் வேண்டாம். மையில் உள்ள கரைப்பான் மெதுவாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் புகை படிந்தது போல ஆகும். லஸ்டர் மாதிரிப் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பரில் இது அதிகம். மேலே சாதாரண வெள்ளைத்தாளை வைத்து ராத்திரி விட்டு, மறுநாள் தாளை மாற்றி இன்னொரு நாள் விடுங்கள்.

(திரையில்: பிரேமின் பின்பக்கம், சின்ன லேபிள்.)

விற்கும்போது பின்னால் இப்படி ஒரு லேபிள் ஒட்டுங்கள்: படம் எடுத்த இடம், பேப்பரின் பெயர், மை வகை, பிரிண்ட் போட்ட ஆண்டு. லஸ்டரை லஸ்டர் என்றே எழுதுங்கள். வாங்குகிறவர் எந்தச் சுவரில் மாட்டப் போகிறார் என்றும் கேளுங்கள். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால், சித்திரை வெயில் எந்தப் பேப்பரையும் விட்டுவைக்காது, பக்கத்துச் சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள்.