கல்கியின் முன்மாலை வெளிச்சம்

(ஒளிப்படக் கலைஞர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் நடந்த நிலங்களுக்கு ஒளிப்படப் பயணம் போகிறோம் என்று அறிவித்ததும் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு? சோழர் என்றதும் அந்த விமானம்தான் நம் கண்ணில் எழுகிறது. ஆனால் அந்தக் கோயில் கதையில் இல்லை, இருக்கவும் முடியாது. கதை நடப்பது சுந்தர சோழரின் கடைசிக் காலத்தில். அவருடைய மகன் அருள்மொழிவர்மர் ராஜராஜனாக முடிசூடியது 985இல். கோயில் நிறைவு பெற்றது 1010இல். கங்கைகொண்ட சோழபுரம் ராஜராஜனுடைய மகன் எழுப்பியது. தாராசுரமோ 12ஆம் நூற்றாண்டு.

கதையில் வரும் கட்டடங்களைத் தேடிப் போனாலும் இதே நிலைதான். கடம்பூரில் சம்புவரையர் மாளிகை இல்லை. மேலக்கடம்பூரில் தேர் வடிவில் அழகான கோயில் ஒன்று இருக்கிறது. அது முதலாம் குலோத்துங்கன் காலத்தது, கதைக்கு நூறாண்டுகளுக்கு மேல் பிந்தியது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் ராஜராஜன் ஆட்சியில் எழுந்தது. கதைக்காகக் கல்கி அதைச் சற்று முன்னே கொண்டுவந்தார். அங்கே கடைசியாக எஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். பழையாறைப் பக்கத்தில் சோழன்மாளிகை என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரில் மட்டும்தான் மாளிகை.

அப்படியானால் எதைப் படமெடுக்கப் போனோம்? தண்ணீரை. கல்கி 1899இல் மாயவரத்துக்குப் பக்கத்தில் புத்தமங்கலத்தில் பிறந்தவர். காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர். நாவலின் பெயரிலேயே பொன்னி என்ற காவிரி இருக்கிறது. அரண்மனைகளை அவர் கற்பனையில் கட்டினார். ஏரியும் ஆறும் வாய்க்காலும் உப்பங்கழியும் அவர் கண்ணால் கண்டவை. அவை இன்றும் இருக்கின்றன. கதை நடந்த காலத்திலிருந்து மாறிமாறி வந்தாலும் அறுபடாமல் வந்திருப்பவை அவைதாம். இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எங்கள் பயணத்துக்கு ஒரு திசை கிடைத்தது.

முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டாம் நாள், முன்மாலை நேரம், வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் என்ற இளம் வீரன் குதிரையில் வருகிறான். இன்றைய வீராணம்தான் அது. முதலாம் பராந்தகனுடைய ‘வீரநாராயணன்’ என்ற பட்டப்பெயரைத் தாங்கிய ஏரி. கரை கிழக்குப் பக்கம் நீண்டு கிடக்கிறது, நீர்ப்பரப்பு மேற்கே. வீரன் தொண்டை நாட்டிலிருந்து தெற்கே வருகிறான். அப்படியானால் ஏரி அவனுக்கு வலப்பக்கம். முன்மாலைச் சூரியனும் அதே பக்கம், தண்ணீருக்கு மேலே. ஒளி எதிரே இருந்து வருகிறது. அலையின் ஒவ்வொரு மடிப்பும் மின்னும். கரையில் நிற்கும் மனிதர்கள் நிழலுருவாகத் தெரிவார்கள்.

காலையில் அதே கரையில் நின்று பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஏரி நீலமாக, தட்டையாக, அமைதியாக இருக்கும். எடுக்கும் படம் சுற்றுலாத் துறையின் காலண்டருக்குப் போகும். கல்கி ஏன் முன்மாலையைத் தேர்ந்தார் என்று யாரும் அவரைக் கேட்டதாக எனக்குத் தெரியாது. ஆனால் கேமராவோடு அந்தக் கரையில் நின்ற எவருக்கும் விடை புரியும். கண்ணில் ஒளி நிறையாமல் அந்தக் காட்சியை எழுதியிருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆடிக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மியையே பறக்க வைக்கும் காற்று என்கிறோம், டிரைபாட் எம்மாத்திரம்? நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்து, அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து, தண்ணீரைப் பட்டுப்போல் வழவழப்பாக்கும் ஆசையோடு வந்தவர்கள் பலர். அதை விட்டுவிடச் சொன்னேன். ஐந்நூறில் ஒரு நொடி, ஆயிரத்தில் ஒரு நொடி என்று ஷட்டரை வேகமாக்குங்கள், அலை அலையாகவே தெரியட்டும் என்றேன். கல்கியின் ஏரி அலையடிக்கும் ஏரி. அதை வழவழப்பாக்கினால் அது வேறு ஏதோ நாட்டு ஏரியாகிவிடுகிறது.

நாங்கள் போனபோது ஏரி நிறைந்திருக்கவில்லை. இதைப் பற்றி விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் குழுவுக்குள் பெரிய வருத்தம் எழுந்தது இங்கேதான். நாவலில் எழுபத்து நான்கு கணவாய்கள், அதாவது மதகுகள், வழியாகத் தண்ணீர் பாய்கிறது. நாங்கள் கண்டது நடுவில் சுருங்கிய நீர், ஓரங்களில் வெடித்த வண்டல், அதில் மேயும் ஆடுகள். சிலர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். கரையில் ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர், “தண்ணீர் வந்த பிறகு வந்திருக்கலாமே, தம்பி” என்று எங்களுக்காக வருந்தினார்.

இன்றைய வீராணத்துக்குத் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. இருப்பு போதுமான ஆண்டுகளில் ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அங்கிருந்து விடும் நீர் கல்லணையைக் கடந்து, கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாறு வழியாக ஏரியில் விழ வேண்டும். ஏரியின் முழு மட்டம் 47.5 அடி. அந்த நீரை நம்பிக் கடலூர் மாவட்டத்து வயல்கள் இருக்கின்றன. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்து குழாயில் போகிறது. ஆக, அரைகுறையாய் நிற்கும் ஏரி என்பது நமக்குக் கிடைக்காத காட்சி மட்டுமல்ல. மழை, அணை, அண்டை மாநிலம், நாற்று, சென்னையின் குடம் எல்லாம் அந்த வெடித்த வண்டலில் தெரிகின்றன. கேமராவை வெளியே எடுங்கள் என்று சொன்னேன். அன்று மாலை எடுத்தவற்றுள் எனக்குப் பிடித்த படம் ஒன்றில் மதகின் கருங்கல்லில் பழைய நீர்மட்டத்தின் கறை ஒரு கோடாக ஓடுகிறது. அதற்கு வெகு கீழே நீர். வேறு எதுவும் இல்லை. அதை எடுத்தவர் முதல்முறையாக எங்களோடு வந்த பள்ளி ஆசிரியை.

குழுவில் ஒரு யோசனை வந்தது: குதிரை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஓர் இளைஞனுக்கு வேடமிட்டுக் கரையில் ஓட விட்டால் என்ன? நான் ஒப்பவில்லை. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடர் வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள் மூன்று தலைமுறையாக நம் கண்ணில் இருக்கின்றன. திரைப்படமும் வந்துவிட்டது, அதன் காட்சிகளில் கணிசமானவை தாய்லாந்திலும் மத்தியப் பிரதேசத்திலும் எடுக்கப்பட்டவை. வேடமிட்ட குதிரைவீரனை நாம் எடுத்தால் அந்த இரண்டின் மங்கலான நகல்தான் கிடைக்கும். நம்மால் மட்டும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: அதே இடத்தின் இன்றைய உண்மையை எடுப்பது.

ஏரியின் தென்முனையில் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை’க் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் முதலியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய, உறவினர்களுடைய நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. கதையின் முதல் காட்சி நடக்கும் ஏரியும், கதையின் மையமான ஆதித்த கரிகாலன் கொலைக்கு வரலாற்றில் எஞ்சிய சாட்சியும் இவ்வளவு அருகருகே இருக்கின்றன! பலர் ஏரியைப் பார்த்துவிட்டு அப்படியே கும்பகோணத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். எனக்கு அது ஆற்றாமை.

கல்வெட்டை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்துகள் கல்லோடு கரைந்துவிடும். வெளிச்சம் சுவரை ஒட்டிச் சாய்வாக வர வேண்டும்; அப்போதுதான் வெட்டின் பள்ளத்தில் நிழல் நிற்கும். வெயில் சாயும் நேரத்துக்குக் காத்திருக்கலாம், அல்லது அனுமதி பெற்று ஒரு கைவிளக்கைப் பக்கத்திலிருந்து பிடிக்கலாம். சுவரில் தண்ணீர் தெளிப்பதும் மாவு பூசுவதும் கூடவே கூடாது. சுண்ணாம்பும் மணல்வீச்சும் எத்தனையோ கோயில்களில் எழுத்துகளைத் தின்றுவிட்டன. ஒழுங்காக எடுத்த ஒரு படம் நாளைக்கு ஓர் ஆய்வாளருக்கு உதவக்கூடும். இந்த ஒரு வேலைக்காகவே ஒரு குழு அங்கே போகலாம்.

கும்பகோணத்தையும் அரிசிலாற்றையும் விரைந்து கடந்தோம். கதையில் இளவரசி குந்தவை நின்ற கரையில் இன்று ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது, எடுத்தோம். திருப்புறம்பயத்தில் பள்ளிப்படை என்னும் நினைவுக் கோயில் பக்கம் ஓர் அந்திப்பொழுது. கதையில் சதிகாரர்கள் கூடும் இடம் என்பதால் எல்லோரும் இருட்டையே நாடினார்கள்.

கோடிக்கரைக்கு வந்தபோது குழு வேறு மாதிரி ஆகியிருந்தது. முதல் நாள் பத்துப் பேரும் ஒரே இடத்தில் டிரைபாடை நட்டு ஒரே படத்தை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம்: முந்தின இரவே அந்த இடத்தைப் பற்றிய அத்தியாயத்தை ஒருவர் உரக்கப் படிப்பார், காலையில் அவரவர் வழியே பிரிந்து போவோம். ‘சேற்றுப் பள்ளம்’ அத்தியாயத்தைப் படித்த மறுநாள் அந்தச் சதுப்பின் முன் நின்றவர்கள் யாரும் அலட்சியமாகக் காலை வைக்கவில்லை. கதையில் ஓடக்காரப் பெண் பூங்குழலி இல்லாவிட்டால் வந்தியத்தேவனே அங்கே புதைந்திருப்பான்.

கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில், அக்கம்பக்கம் குடியில்லாமல், யார் துணையாக இருக்கிறீர் என்று சுந்தரர் இங்குள்ள சிவனான குழகரைக் கேட்டார். கதைக்கும் முந்திய பாட்டு. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 சுனாமியில் சிதைந்துவிட்டது. சதுப்பும் வெளிமானும் காற்றும் இருக்கின்றன. காடு சரணாலயமாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. வனத்துறை அனுமதியோடுதான் நுழைய வேண்டும், டிரோனை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும்.

வேதாரண்யம் உப்பளங்களில் ஒரு செய்முறைக் குறிப்பு. கேமராவின் ஒளிமானி வெண்மையைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (இரு மடங்கு ஒளி), சில சமயம் ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுங்கள். அதைவிடப் பெரிய குறிப்பு: வெயிலில் கண் கூசக் கூச உப்பு வாருகிறவர்களிடம் கேட்காமல் முகத்தின் நேரே லென்ஸை நீட்டாதீர்கள். ராஜாஜி 1930இல் திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த மண் அது. அவரைத் தலைவராகக் கொண்டவர் கல்கி. அந்த மண்ணில் இன்று உழைப்பவர்களும் அதே மரியாதைக்கு உரியவர்கள். எங்களை எடுக்கவிட்ட ஒவ்வொருவருக்கும் படத்தை அச்சிட்டு அனுப்பினோம்.

இனி என் வேண்டுகோள். வீராணத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்திருக்கிறேன். கரையில் ஒரு மதகை ஒட்டிய இடம். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டு அன்று, முன்மாலையில், அதே இடத்தில், அதே குவியத்தூரத்தில், மேற்கு நோக்கி ஒரு படம். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டும். நிறம் கூட்டக் கூடாது. வானத்தை மாற்றி ஒட்டக் கூடாது. தேதியும் அன்றைய நீர்மட்டமும் படத்தின் கீழே இருக்க வேண்டும். ஒரு பிரதி அந்த ஊர் நூலகத்துக்குப் போக வேண்டும். நான் ஒருவன் எத்தனை ஆண்டு செய்வேன்? பத்துப் பேர் முறைவைத்துக்கொண்டால் முப்பது ஆண்டுகள் விடாமல் நடக்கும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். ஏட்டை எடுத்து வந்திருக்கிறேன்.