நாம் தூங்கும்போது விழித்திருக்கும் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். காரவனில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வீடு போன்ற வண்டியில், பயணம் போகிறவர்கள் என்னிடம் டயரைப் பற்றிக் கேட்பார்கள், பேட்டரியைப் பற்றிக் கேட்பார்கள். அலாரத்தைப் பற்றிக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் பேச வந்ததோ உள்ளங்கை அகலமுள்ள அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான். கூரையில் இருக்க வேண்டியது புகை அலாரம். சுவரில் இருக்க வேண்டியது கார்பன் மோனாக்சைடு அலாரம். ஒன்று இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்பது ஒரு நச்சு வாயு, துளிப் புகைகூட இல்லாமல் வரும்.

ஒரு மழை இரவைச் சொல்கிறேன். கரி அடுப்பில் சமைத்து முடித்திருந்தோம். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அடுப்பு நனையுமே என்று, காரவனோடு சேர்த்துக் கட்டியிருந்த துணிக் கூடாரத்துக்குள் அதை இழுத்து வைத்தேன். மேலே வெள்ளையாகச் சாம்பல். தொட்டால் உதிர்ந்தது. அணைந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு படுத்தேன். கூடாரத்துப் பக்க ஜன்னல் திறந்தே இருந்தது.

நள்ளிரவு தாண்டி கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. பேட்டரி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று அதன் வாயை அடைக்கக் கை நீட்டினேன். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "படுக்கும்போதே எனக்குத் தலை வலித்தது. முதலில் வெளியே வாருங்கள், அதை அப்புறம் பார்க்கலாம்" என்றாள். காற்றில் அந்த வாயு எவ்வளவு என்று காட்டும் பெட்டியின் சிறு திரையில் 112 என்ற எண் தெரிந்தது. மழையில் நனைந்தபடி தள்ளி நின்றோம். சற்றுப் பொறுத்து ஒரு குச்சியால் அந்தச் சாம்பலைக் கிளறினேன். உள்ளே சிவப்பாகத் தணல். நீறு பூத்த நெருப்பு என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! கண்ணெதிரே இருந்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

மங்கும் கரியில்தான் ஆபத்து அதிகம். சுடர் போய்விட்டதால் நெருப்பும் போய்விட்டது என்று நினைக்கிறோம். காற்றுப் போதாமல் கனலும் கரி கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. எடையும் ஏறக்குறைய காற்றின் எடைதான், ஆகவே எங்கும் கலந்துவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. சளிக்காய்ச்சல் போலவே தலைவலி, குமட்டல், அசதி வரும். காய்ச்சல் மட்டும் இருக்காது. விழித்திருப்பவராவது ஏதோ சரியில்லை என்று உணரலாம். தூங்குகிறவருக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே அழுத்திச் சொல்கிறேன்: கரி அடுப்பு, எரிந்தாலும் அணைந்தாலும், கூடாரத்துக்குள்ளும் வேண்டாம், காரவனுக்குள்ளும் வேண்டாம்.

சரி, எந்த அலாரத்தை வாங்குவது? பெட்டியின் மேல் ஈஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் வரும் அந்த 2-ஐக் கவனியுங்கள். 1 என்றிருந்தால் அது வீட்டுக்கானது. 2 என்பது காரவன், படகு போன்றவற்றுக்கு, ஓடும் வண்டியின் அதிர்வைத் தாங்குமா என்று சோதித்துக் கொடுப்பது. இந்தத் தரத்தின்படி, காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு இந்த வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் அலாரம் அடிக்க வேண்டும். 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள். 300 என்றால் 3 நிமிடத்துக்குள். இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதை ஒட்டி வைத்த கணக்கு இது. 112 என்ற எண்ணைப் பார்த்தபோது, எவ்வளவு நேரமாக அதைச் சுவாசித்துக்கொண்டு கிடந்தோம் என்று எண்ணி உடம்பு நடுங்கியது.

வாயு பட்டால் நிறம் மாறும் அட்டைகள் மலிவாகக் கிடைக்கும். தூங்குகிறவர் நிறத்தைப் பார்ப்பாரா? ஒலி எழுப்பாத எதையும் நம்பிப் படுக்காதீர்கள்.

பெட்டியில் இன்னொன்றும் அச்சிட்டிருக்கும்: மாற்ற வேண்டிய தேதி. உள்ளே இருக்கும் உணரிக்கு ஆயுள் உண்டு. சிலவற்றில் 5 ஆண்டு, சிலவற்றில் 7, சிலவற்றில் 10. தேதி தாண்டிய பெட்டியில் விளக்கு எரியும், பொத்தானை அழுத்தினால் சத்தமும் வரும். வாயுவை உணருமா என்பதை அந்தச் சத்தம் சொல்லாது. பழைய காரவன் வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

புகை அலாரத்தில் பெரும் தொல்லை வேறு. காரவனில் அடுப்புக்கும் படுக்கைக்கும் நாலு எட்டுத்தான். ஏதாவது லேசாகக் கருகினாலே அலாரம் கத்தும். எரிச்சலில் பேட்டரியைக் கழற்றி இழுப்பறையில் போடுவார்கள். திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். அயனி வகை அலாரங்கள் சமையல் புகைக்கு எளிதில் அடித்துவிடும். ஒளியால் புகையை அறியும் வகை அந்த அளவுக்குத் தொல்லை தராது, மெத்தை கனன்று புகைவதையும் முன்கூட்டியே பிடிக்கும். அதையே வாங்குங்கள். சற்று நேரம் அமைதியாக்கும் பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் பேட்டரியில் கை வைக்கத் தோன்றாது. தர எண் ஈஎன் 14604.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். பொருத்தும் இடத்தை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். புகை அலாரம் கூரையில். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடுப்பு, ஹீட்டரிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, படுத்தால் தலை இருக்கும் உயரத்தில். திரைக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ வேண்டாம். சமையல் வாயுக் கசிவுக்கான அலாரம் தனி. அந்த வாயு காற்றைவிடக் கனம், கீழே தேங்கும், அதனால் அது தரையோரம் இருக்க வேண்டும். மூன்று வேலையும் செய்யும் ஒரே பெட்டி என்று விற்றால், அதை எந்த உயரத்தில் மாட்டுவது என்று கேளுங்கள். குளிருக்காகக் காற்றோட்டத் துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள். அலாரம் அடித்தால் எல்லோரையும் வெளியேற்றி, தலை எண்ணிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.