நடுவில் நிற்கும் பிள்ளை
(திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாதியர்களே, நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தினரே: வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன். இந்த மூன்றையும் சொல்லாமல் நமது மாவட்டத்தில் எந்தக் கூட்டமும் தொடங்குவதில்லை. புற்றுநோய் கிளினிக்கில் மட்டும் ஒரே மொழியில் தொடங்கி அதே மொழியில் முடித்துவிடுகிறோம். எனக்குள்ள கோபம் அதுதான்.

மூதூரில் ஒரு அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்புக்கு அனுப்பினால் மொழிச் சிக்கல் இல்லை. மகரகம தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால், இரவுப் பயணம் முடித்து, கொழும்பில் இன்னொரு பஸ் ஏறி, வரிசையில் நின்று வைத்தியர் முன்னால் அமரும்போது அம்மாவிடம் சிங்களம் இல்லை. அநேகமாக வைத்தியரிடம் தமிழ் இல்லை. நடுவில் நிற்பது பள்ளியில் சிங்களம் படித்த மகள், அல்லது தெற்கில் கடையில் வேலை செய்த மகன். சேருவிலயிலிருந்து ஒரு சிங்கள முதியவர் தமிழ் வார்டில் படுத்தாலும் இதே கதிதான்.

அந்தப் பிள்ளை பொய் சொல்வதில்லை. ஆனால் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறது. "நோய் ஈரலுக்கும் பரவிவிட்டது" என்று வைத்தியர் சொன்னால், "கொஞ்சம் பரவியிருக்கிறதாம், மருந்து தருவார்களாம் அம்மா" என்றுதான் அதற்கு வாய் வரும். யார் குறை சொல்ல முடியும்? மறுபக்கம் இதைவிட மோசம். மாதவிடாய் நின்று பல வருடங்களுக்குப் பிறகு இரத்தம் படுகிறது என்பதை எந்தத் தாய் மகனிடம் சொல்வார்? வைத்தியர் கேட்டாலும் மகன் அந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்கமாட்டான். கருப்பைப் புற்றுநோயையும் கருப்பை வாய்ப் புற்றுநோயையும் காட்டிக்கொடுக்கும் முக்கிய அறிகுறி, இருவருடைய கூச்சத்திலும் காணாமல் போய்விடுகிறது.

மருந்தில் வரும் பிழைக்கு இன்னும் உடனடியான விலை உண்டு. கீமோதெரபி ஏற்றிய பிறகு வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நாட்களில் உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல; நள்ளிரவாயினும் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போகவேண்டும். "காய்ச்சல் வந்தால் கவனம்" என்று மட்டும் காதில் விழுந்த குடும்பம் பரசிட்டமோல் கொடுத்துவிட்டு அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கும். கபெசிடபின் என்ற புற்றுநோய்க் குளிசையை வழக்கமாக இரண்டு கிழமை குடித்து ஒரு கிழமை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தும் கிழமை சொல்லப்படாமல் போனால், நோயாளி கடும் வயிற்றோட்டத்தோடு வார்டுக்கு வருவார். அப்போது நாம் எழுதுவது "அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை" என்று!

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் சட்டம் வந்தது. நல்லது. இரவு பதினொரு மணிக்கு வார்டில் சட்டத்தை எழுப்பிக் கேட்க முடியாதே! அவுஸ்திரேலியாவில் 1973 முதல் தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் அரச சேவை இருக்கிறது. மெல்பேர்னில் உங்கள் உறவினர் இருந்தால் கேட்டுப்பாருங்கள். தமிழில் உதவி கேட்கும் உரிமை அங்கே இருக்கிறது, நம் நாட்டு வார்டில் அதற்கு ஒரு ஆள் இல்லை என்றால் யாருக்கு வெட்கம்?

நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. கிளினிக் நாளில் பயிற்சி பெற்ற இருமொழி உத்தியோகத்தர் ஒருவர்; மற்ற நாட்களில் ஒரு தொலைபேசி. குடும்பம் பக்கத்தில் இருக்கட்டும், கையைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் நோயாளியின் வாயாக இருக்கவேண்டாம். "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று நோயாளியிடமே தனியே கேளுங்கள். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள், சிலர் "மூத்தவனிடம் சொல்லுங்கள்" என்பார்கள். இரண்டும் அவர்களுடைய முடிவு. பெண் வைத்தியர்தான் பரிசோதிக்கவேண்டும் என்று தயங்கும் சகோதரியை, நோன்பு மாதத்தில் குளிசையை எப்படிக் குடிப்பது என்று தவிக்கும் ஐயாவை, அவர்களாகச் சொல்லும்வரை விட்டுவைக்காமல் நாமே கேட்கவேண்டும். விளக்கிய பிறகு "விளங்கியதா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். "வீட்டில் போய் என்ன செய்வீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

காய்ச்சல் பற்றிய அறிவுறுத்தலை மட்டும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு அட்டையாக எழுதிவைத்திருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் தாதியர்கள் திருத்தித் தரவேண்டும். சிங்களப் பகுதியைக் கந்தளாயிலிருந்து வந்திருப்பவர்கள் ஒருமுறை வாசித்துப் பார்த்தால் நல்லது. பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறோம்.